பிள்ளைக்கு முன்னால் பெற்றோர் போக வேண்டிய இடம்

"இவன்கிட்ட நீங்க நாலு வார்த்தை பேசுங்க டாக்டர். நீங்க சொன்னா கேப்பான்." அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவானாலும் தனியார் ஆலோசனை அறையானாலும், பெற்றோர் உள்ளே வந்ததும் சொல்வது இதைத்தான். பையன் தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருப்பான். பத்தாம் வகுப்புவரை நன்றாகப் படித்தவன், பிளஸ் ஒன் அரையாண்டில் பாதிப் பாடங்களில் தவறியிருப்பான். அல்லது ராத்திரி இரண்டு மணிவரை போனைக் கீழே வைக்காதவனாக இருப்பான். மகள் என்றால், கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிடக்கூட வெளியே வராதவளாக இருப்பாள். அழைத்து வந்த அப்பா, தன் வேலை முடிந்தது என்று எழுந்துவிடுவார். பழுதான மிக்ஸியைக் கடையில் கொடுத்துவிட்டுச் சாயங்காலம் வந்து வாங்கிக்கொள்ளும் எண்ணம் அது.

அந்த அப்பாவைப் பார்த்து, "நீங்களும் உட்காருங்க சார், உங்ககிட்டதான் முதல்ல பேசணும்" என்று சொல்கிறவர் யாரோ, அவரைத்தான் நாம் தேட வேண்டும். குடும்பச் சிக்கலுக்கும் பிள்ளை வளர்ப்புக்கும் நல்ல ஆலோசகரை அடையாளம் காண இதைவிட நம்பகமான வழி எனக்குத் தெரியவில்லை.

இதற்கு ஆதாரம் இருக்கிறது. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஜெரால்டு பேட்டர்சன் என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் அடங்காத பிள்ளைகளின் வீடுகளுக்கே போனார்கள். யார் யாரிடம் என்ன சொல்கிறார்கள், அதற்கு என்ன பதில் வருகிறது என்று உட்கார்ந்து குறித்துக்கொண்டார்கள். பல ஆண்டுகள் நடந்த அந்த ஆய்வை 1982இல் பேட்டர்சன் நூலாக எழுதினார். அவர் கண்டதை நம் வீட்டில் வைத்துப் பார்க்கலாம். அம்மா போனைப் பிடுங்குகிறார். பையன் கத்துகிறான், தட்டைத் தள்ளிவிடுகிறான். பக்கத்து வீட்டுக்குக் கேட்குமே என்று அம்மா போனைத் திருப்பித் தந்துவிடுகிறார். வீடு அமைதியாகிறது. கத்தினால் கிடைக்கும் என்று பையனும், கொடுத்தால் அடங்குவான் என்று அம்மாவும் அந்த ஒரு நிமிடத்தில் கற்றுக்கொண்டுவிட்டார்கள். மறுநாள் கத்தல் இன்னும் சீக்கிரம் தொடங்கும். இன்னொரு நாள் அப்பா ஓங்கி ஒரு அறை விடுகிறார். பையன் வாயை மூடுகிறான். அடித்தால் அடங்குவான் என்பது அப்பா படித்த பாடம். அடுத்த முறை அடி கூடும்.

இதில் பையனை மட்டும் தனியாக உட்கார வைத்துப் பேசி என்ன பயன்? சுழற்சி இருப்பது வீட்டில். அதனால்தான் பெற்றோருக்கான பயிற்சி என்ற முறையே உருவானது. எதைக் கண்டுகொள்ளாமல் விடுவது, எதை உடனே பாராட்டுவது, ஒரு கட்டளையை எப்படிச் சுருக்கமாகச் சொல்வது, சொன்னதில் எப்படி நிற்பது என்று வாரம் ஒன்றாகப் பழக்குவார்கள். கவனக்குறைவும் அதீதத் துறுதுறுப்பும் சேர்ந்த ஏ.டி.எச்.டி. உள்ள ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு மருந்துக்கு முன்னால் இந்தப் பயிற்சியைத்தான் தொடங்க வேண்டும் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் கழகம் பரிந்துரைக்கிறது.

பெற்றோர்மேல் பழி போடும் பேச்சல்ல இது. "உன் வளர்ப்பு சரியில்ல" என்று மாமியாரிடமும் பள்ளிக்கூடத்திலும் ஏற்கெனவே கேட்டுக் கேட்டு நொந்துபோன அம்மாக்கள்தான் இந்த அறைகளுக்கு அதிகம் வருகிறார்கள். அங்கேயும் அதையே சொல்லும் ஆலோசகரிடம் இரண்டாம் முறை போக வேண்டாம். எது எப்படி நடக்கிறது என்று கேட்பவர் வேறு, யார் குற்றவாளி என்று தேடுபவர் வேறு.

குடும்பத்தைச் சேர்த்து வைத்து மருத்துவம் பார்ப்பது மேல்நாட்டுச் சரக்கு என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. 1950களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யாசாகர், நோயாளிகளின் உறவினர்களை வீட்டுக்கு அனுப்பாமல் மருத்துவமனை வளாகத்திலேயே கூடாரம் போட்டுத் தங்க வைத்தார். நோயைப் பற்றி அவர்களுக்கும் விளக்கினார். குணமானவர்கள் உறவினரோடு வீடு திரும்பினார்கள். வேலூரில் சி.எம்.சி.யின் பாகாயம் மனநல மையம் 1957இல் தொடங்கப்பட்டது. அங்கே சேருபவர்களோடு குடும்பத்தில் ஒருவர் தங்கும் வழக்கம் அன்று முதலே உண்டு. பெங்களூரு நிம்ஹான்ஸ் 1970களில் குடும்ப மனநலத்துக்கென்றே தனி மையம் அமைத்தது. இது நம் மருத்துவர்கள் நம் குடும்பங்களைப் பார்த்து உருவாக்கிய வழி.

சென்னை உயர் நீதிமன்றத்தில் நடந்த ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். ஒருவரையொருவர் விரும்பிய இரண்டு இளம்பெண்கள் வீட்டைவிட்டு வெளியேறி, பெற்றோரின் புகார்களால் வந்த போலீஸ் தொல்லையிலிருந்து பாதுகாப்புக் கேட்டு 2021இல் நீதிமன்றத்துக்கு வந்தார்கள். நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ் உடனே தீர்ப்பு எழுதவில்லை. அந்தப் பெண்களையும், தனியாக அவர்களுடைய பெற்றோரையும் ஓர் உளவியலாளரிடம் அனுப்பினார். பிறகு, இந்த விஷயத்தில் தனக்கே போதிய புரிதல் இல்லை என்று உத்தரவிலேயே எழுதிவிட்டு, தானும் அந்த உளவியலாளரிடம் போய்க் கற்றுக்கொண்டார். 2021 ஜூன் 7 அன்று வந்த அவருடைய ஆணை, பால் ஈர்ப்பை 'மாற்றும்' சிகிச்சைகளுக்குத் தடை விதித்தது. தீர்ப்புச் சொல்லும் நாற்காலியில் இருப்பவரே ஆலோசகர் முன்னால் உட்கார முடியும் என்றால், வீட்டில் அந்த நாற்காலியில் இருக்கும் நாமும் உட்காரலாம். மகனையோ மகளையோ 'சரிசெய்து' தருகிறேன் என்று இன்றைக்கும் யாராவது சொன்னால், அவர் செய்வது தடைசெய்யப்பட்ட வேலை.

சரி, யாரிடம் போவது? மனநல மருத்துவர் எம்.பி.பி.எஸ். முடித்து மனநலத்தில் மேற்படிப்புப் படித்தவர், மருந்து எழுதுபவர். மருத்துவ உளவியலாளர் மருந்து எழுத மாட்டார், பரிசோதனைகளும் பேச்சு வழிச் சிகிச்சையும் செய்வார். 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இவர் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில், அதாவது ஆர்.சி.ஐ.யில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்பது மரியாதைக் குறைவல்ல. மனநலத்தில் பயிற்சி பெற்ற சமூகப் பணியாளர்கள் குடும்பத்தோடு வேலை செய்வதில் தேர்ந்தவர்கள். பலர் இவர்களைத் தவற விட்டுவிடுகிறார்கள். சிக்கல் வருவது 'கவுன்சலர்' என்ற பலகையில்தான். உண்மையான முதுகலைப் படிப்பும் பயிற்சியும் உள்ள ஆலோசகர்களும் அந்தப் பலகையின் கீழ்தான் இருக்கிறார்கள், மூன்று நாள் வகுப்பில் சான்றிதழ் வாங்கியவர்களும் அதன் கீழ்தான் இருக்கிறார்கள்.

ஆகவே போனிலேயே கேளுங்கள். என்ன படித்தீர்கள், யாரிடம் பயிற்சி பெற்றீர்கள்? பதின்பருவப் பிள்ளைகளின் குடும்பங்களோடு வேலை செய்திருக்கிறீர்களா? எத்தனை வாரத்தில் முன்னேற்றம் தெரிகிறதா என்று சேர்ந்து பார்ப்போம்? கட்டணம் எவ்வளவு? ஒரு செஷன் பொதுவாக முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம். முதல் சந்திப்பு நீளலாம். பிள்ளை தனியாகச் சொல்வதில் எதை எங்களிடம் சொல்வீர்கள், எதைச் சொல்ல மாட்டீர்கள் என்றும் கேளுங்கள். உயிருக்கு ஆபத்து என்றால் சொல்வேன், மற்றவை அவனுடையவை என்று பிள்ளையின் முன்னாலேயே விளக்குபவர் நல்லவர். பாலியல் கொடுமை தெரியவந்தால் போக்சோ சட்டப்படி அவர் புகார் செய்தே ஆக வேண்டும். எதையும் வெளியே விட மாட்டேன் என்று வாக்குக் கொடுப்பவர் சட்டம் தெரியாதவர்.

தாத்தா பாட்டி கூட இருக்கும் வீடுகளில் அவர்களையும் ஒருமுறை அழைத்து வரச் சொல்வது நல்ல அறிகுறி. பத்து மணிக்குப் போன் கிடையாது என்று அம்மா வைத்த விதியைப் பாட்டியின் இளகிய மனசு பத்தரைக்கு உடைத்துவிடும். அப்பா துபாயிலோ சிங்கப்பூரிலோ இருந்தால் வீடியோவில் சேர்த்துக்கொள்ளலாம்.

கைரேகையை வைத்துப் பிள்ளையின் புத்தியைச் சொல்கிறேன், நடுமூளையைத் தூண்டுகிறேன், ஒரே சிட்டிங்கில் ஹிப்னாடிசத்தால் படிப்பு வரவைக்கிறேன் என்பவர்களிடம் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். இவை எதற்கும் அறிவியல் ஆதாரம் இல்லை. மாறாக, 'சோம்பேறி' என்று பெயர் வாங்கிய பிள்ளைக்கு முதலில் கண்ணையும் காதையும் பரிசோதியுங்கள், கற்றல் குறைபாடு இருக்கிறதா என்று பாருங்கள். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதையும் ஒரு குறைபாடாக ஏற்கிறது. சான்றிதழ் இருந்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் போன்ற சலுகைகள் கிடைக்கும். பல வீடுகளின் சண்டை இந்த ஒரு பரிசோதனையில் பாதியாகக் குறையும்.

பணம் இல்லை என்பதால் வழியே இல்லை என்று ஆகிவிடாது. மாவட்ட மனநலத் திட்டம் நாட்டில் முதலில் தொடங்கிய நான்கு மாவட்டங்களில் ஒன்று நம் திருச்சி. அது 1996இல். இன்று அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. கூட்டம் இருக்கும், நேரம் குறைவாகக் கிடைக்கும். ஆனாலும் அங்கிருந்து தொடங்கலாம். வளர்ச்சித் தாமதம் உள்ள சிறு குழந்தைகளுக்கு அரசின் ஆரம்ப நிலை இடையீட்டு மையங்கள் இருக்கின்றன. 2022 அக்டோபரில் தொடங்கிய அரசின் மனநலத் தொலைபேசி உதவிச் சேவையான டெலி மானஸின் எண் 14416 இருபத்துநான்கு மணி நேரமும் இயங்குகிறது. கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம்.

ஓர் இடத்தில் மட்டும் குடும்ப ஆலோசனை தீர்வாகாது. கணவன் அடிக்கும் வீட்டில் இருவரையும் ஒன்றாக உட்கார வைத்துப் பேசச் சொல்வது ஆபத்து. அறையில் அவள் சொன்னதற்கு வீட்டில் அடி விழும். அங்கே முதலில் வேண்டியது பாதுகாப்பு. உதவி எண்கள்: பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098. பிள்ளை சாவைப் பற்றிப் பேசினால், எழுதினால், அடுத்த வாரத்து நேரத்துக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே அருகில் உள்ள மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். தனியாக விடாதீர்கள்.

"அவன் வர மாட்டேங்கிறான், அதான் போகல" என்று மாதக்கணக்கில் தள்ளிப்போடும் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். அவன் வர வேண்டியதில்லை. முதல் நேரத்தை உங்கள் பெயரில் வாங்குங்கள். முடிந்தால் இருவரும், முடியாவிட்டால் ஒருவராவது இந்த வாரமே போங்கள்.