டென்மார்க் பால் சங்கத்தில் தலைக்கு ஒரு ஓட்டு

திருவண்ணாமலை செங்கம் சாலையில், ரமணாசிரமத்துக்கு எதிரில் விடியற்காலையில் நின்றால் அடி அண்ணாமலை, அத்தியந்தல் பக்கமிருந்து பால் கேன்கள் வருவதைக் காணலாம். கொஞ்சம் வீடுகளுக்கும் டீக்கடைகளுக்கும் போகும். மீதி சொசைட்டிக்குப் போகும். மானாவாரி மல்லாட்டை கைவிடும் வருஷத்தில் குடும்பத்தைத் தாங்குவது கொட்டகையில் நிற்கும் இரண்டு கறவை மாடுகள்தான்.

இந்த ஆசிரமத்துக்கு 1936ல் ஆல்பிரெட் சோரன்சன் என்ற டென்மார்க்காரர் வந்தார். 1890ல் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். இங்கிலாந்தில் தோட்ட வேலை பார்த்தபோது தாகூரைச் சந்தித்து, அவர் அழைப்பின் பேரில் 1930ல் இந்தியா வந்தவர். அவர் பகவானைத் தேடி வந்தது வேறு விஷயம். திருவண்ணாமலைக்காரர்களுக்கு டேனிஷ் மிஷன் பள்ளி மூலமாகவும் அந்த நாட்டின் பெயர் பழக்கமானதே. சோரன்சன் பிறந்த காலத்தில் அவர் நாட்டுச் சிறு விவசாயிகள் செய்த காரியம் ஒன்று உண்டு. அது நம் பால்காரர்கள் அறிய வேண்டியது.

டென்மார்க் சிறிய நாடு. பரப்பில் தமிழ்நாட்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. 1788 வரை அங்கே குடியானவர் வீட்டு ஆண்மகன் தன் பண்ணையாரின் எல்லையை விட்டு அனுமதியின்றி வெளியே போக முடியாது. அந்த ஆண்டில்தான் அந்தத் தளை நீங்கத் தொடங்கியது. பிறகு பலர் சிறிது சிறிதாக நிலம் வாங்கினர். கோதுமை, பார்லி விளைவித்து இங்கிலாந்துக்கு ஏற்றுமதி செய்து பிழைத்தனர்.

1870களில் அமெரிக்காவிலிருந்தும் ருஷ்யாவிலிருந்தும் மலிவு தானியம் கப்பல் கப்பலாக வந்து இறங்கியது. விலை சரிந்தது. பக்கத்து நாடுகள் சில இறக்குமதி வரி போட்டுத் தடுத்தன. டென்மார்க் விவசாயிகளோ, மலிவாக வரும் தானியத்தையே மாட்டுக்கும் பன்றிக்கும் தீனியாக்கி, வெண்ணெயையும் பன்றி இறைச்சியையும் விற்பது என்று திரும்பினார்கள்.

இங்கே ஓர் இடைஞ்சல். பெரிய பண்ணை வெண்ணெய்க்கு லண்டனில் நல்ல விலை. நாலு மாடு வைத்திருப்பவன் வீட்டில் கடைந்த வெண்ணெய் ஒருநாள் இருப்பது போல் மறுநாள் இராது. வியாபாரி கேட்ட விலைக்கே தள்ள வேண்டும். 1878ல் சுவீடன் நாட்டு லாவல் என்பவர் பாலேடு பிரிக்கும் யந்திரத்தை உருவாக்கினார். தனி ஆள் வாங்க முடியாத விலை. 1882ல் மேற்கு ஜட்லாந்துப் பகுதியில் ஹியெடிங் என்ற ஊர் விவசாயிகள் ஒன்று கூடி, பொதுவில் கடன் வாங்கி, சொந்தப் பால் பண்ணை அமைத்தனர். கடனுக்கு அனைவரும் சேர்ந்து பொறுப்பு. வீட்டுக்கு வேண்டியது போக மீதிப் பால் முழுவதும் சங்கத்துக்கே வர வேண்டும். வெண்ணெய் எடுத்த பால் திரும்ப வீட்டுக்கு வரும். அது பன்றிக்குத் தீனி. லாபம் அவரவர் ஊற்றிய பாலுக்கு ஏற்ப.

ஆரம்பத்தில் பாலை எடை பார்த்தே காசு கொடுத்தார்கள். தண்ணீர் கலந்தவனுக்கும் நல்ல பால் கொண்டுவந்தவனுக்கும் ஒரே விலை என்றால் எந்தச் சங்கம் நிலைக்கும்? பியோர்டு என்ற விஞ்ஞானி பாலில் கொழுப்பை அளக்கும் கருவியைச் செய்து கொடுத்தார். அதன்பின் கொழுப்புக்கு ஏற்ற விலை வந்தது. நம் சொசைட்டியில் கொழுப்பும் இதர சத்தும் பார்த்துப் பணம் போடுவதற்கு முன்னோடி இதுவே. 1900க்குள் அங்கே ஆயிரத்துக்கும் மேல் கூட்டுறவுப் பால் பண்ணைகள் ஏற்பட்டுவிட்டன. 1887ல் ஹார்சென்ஸ் நகரில் கூட்டுறவுப் பன்றி இறைச்சிக் கூடமும் வந்தது.

இதில் அரசியல் எங்கே என்று கேட்கலாம். பெரும்பாலான சங்கங்களில் ஆளுக்கு ஒரு ஓட்டு. நாற்பது மாட்டுக்காரருக்கும் ஒன்று, இரண்டு மாட்டுக்காரருக்கும் ஒன்று. நாட்டின் மேல்சபையில் அப்போது பெரும் நிலக்காரர்களுக்கே ஆதிக்கம். கீழ்ச்சபையில் விவசாயிகளின் கட்சியான வென்ஸ்ட்ரே பெரும்பான்மை பெற்றும், எஸ்ட்ரூப் என்ற பிரதமர் 1875லிருந்து 1894 வரை அதைப் பொருட்படுத்தாமல் ஆண்டார். சங்கக் கூட்டத்தில் எழுந்து கணக்குக் கேட்டுப் பழகிய விவசாயி இதற்கு மசியவில்லை. 1901ல் அரசர் பெரும்பான்மைக் கட்சியை ஆட்சி அமைக்க அழைத்தார். துண்டு நிலக்காரர்களுக்கும் பெரிய விவசாயிகளுக்கும் ஒத்துப்போகாமல் 1905ல் கட்சி பிளந்து இன்னொரு கட்சி பிறந்தது. 1919ல் பெரிய எஸ்டேட்டுகளின் நிலத்தில் ஒரு பகுதியை எடுத்துச் சிறு விவசாயிகளுக்குக் கொடுக்கச் சட்டம் வந்தது. 1933ல் விலைகள் படுத்துவிட்டபோது தொழிலாளர் கட்சியும் விவசாயிகள் கட்சியும் ஓர் உடன்பாடு செய்துகொண்டன: விவசாயிக்கு விலை உதவி, தொழிலாளிக்கு வேலையும் சமூக உதவியும்.

சாதாரணக் குடியானவனுக்கு இவ்வளவு துணிவு எப்படி வந்தது? குருண்ட்விக் என்ற பாதிரியாரின் எண்ணப்படி 1844ல் ரொட்டிங்கில் முதல் மக்கள் உயர்பள்ளி தொடங்கியது. பரீட்சை இல்லை, சர்டிபிகேட் இல்லை. வேலை குறைந்த பனிக்காலத்தில் வாலிபர்கள் தங்கிப் படித்தனர். வரலாறு, பாட்டு, பேச்சு. இந்தக் கருத்து தமிழ்நாட்டுக்கும் வந்தது. அன்னி மேரி பீட்டர்சன் என்ற டென்மார்க் அம்மையார் பரங்கிப்பேட்டையில் தொடங்கிய பெண்கள் பள்ளிக்கு 1921ல் காந்தியடிகள் அடிக்கல் நாட்டினார். பின்னாளில் 1986ல் டென்மார்க் அரசின் உதவியுடன் இங்கே விவசாயப் பெண்களுக்குப் பயிற்சித் திட்டம் வந்தது. பயிற்சி பெற்ற பெண் அக்கம்பக்கத்துப் பெண்களுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்பது அதில் ஏற்பாடு. ஹியெடிங் கதையில் பெண்களைப் பற்றிப் பேச்சே இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். அதுவரை வெண்ணெய் கடைந்தவர்கள் அவர்கள்தான். பால் பண்ணை வந்ததும் அந்தக் கைத்தொழில் ஆண்கள் வசம் போயிற்று. அங்கே பெண்களுக்குப் பார்லிமெண்டு ஓட்டு 1915ல்தான் கிடைத்தது.

டென்மார்க்கை அப்படியே சொர்க்கம் என்று எண்ண வேண்டாம். ஊருக்கு ஊர் இருந்த பால் பண்ணைகள் ஒன்றோடொன்று சேர்ந்து, 2000ல் சுவீடன் சங்கத்தோடும் இணைந்து பிரம்மாண்டமான ஒரே நிறுவனமாயின. இரண்டு மாடு, நாலு மாட்டுக்காரர் அங்கே இப்போது கிடையாது.

நம் பக்கம் நிலைமை வேறு. கிரிவலப் பாதையை ஒட்டிய நிலங்கள் மனைகளாகின்றன. மேய்ச்சல் இடம் சுருங்கியது. தீனி விலை ஏறியது. சட்டப்படி நம் சங்கத்திலும் உறுப்பினருக்கு ஒரு ஓட்டுதான். ஆனால் தமிழகத்தில் 1976ல் கூட்டுறவு நிர்வாகக் குழுக்கள் கலைக்கப்பட்ட பின் நெடுங்காலம் தனி அலுவலர்களே நடத்தினர். 1996ல் தேர்தல் நடந்தது. பிறகு 2013லும் 2018லும் நடந்தது. இடைவெளி நீண்டால் கணக்குக் கேட்கும் பழக்கமும் போய்விடும். ஹியெடிங்காரர்கள் யாரும் மேலிருந்து உத்தரவு வரட்டும் என்று காத்திருக்கவில்லை.

உங்கள் பால் அட்டையில் கொழுப்பும் இதர சத்தும் அன்றன்று குறிக்கப்படுகிறதா என்று பாருங்கள். உறுப்பினர் பட்டியலில் உங்கள் பெயர் இருக்கிறதா, மாடு பார்ப்பவர் வீட்டுப் பெண் என்றால் அவர் பெயர் இருக்கிறதா என்றும் கேளுங்கள். பேரவைக் கூட்டத்துக்கு நோட்டீசு வந்தால், அன்று மாலைக் கறவையை வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டுக் கிளம்புங்கள்.