குறுந்தாடியும் உவர்க்காற்றும்

பழவேற்காட்டுக் கரையிலிருந்து பயில வரும் மாணவர் ஒருவர், "காவலர் பணிக்கு விண்ணப்பிக்க எண்ணுகிறேன், அதற்குமுன் தாடியை மழித்துவிட வேண்டுமா ஐயா?" என்று வினவினார். அவ்வினாவே இக்கட்டுரைக்கு வித்து.

உவர்நீர் ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவே அமைந்த தொன்மையான துறைமுக ஊர் பழவேற்காடு. 1613இல் டச்சுக்காரர் இங்குக் கெல்திரியா கோட்டையை எழுப்பினர். அரபுத்தமிழ் வளர்த்த குடும்பங்களும், ஜமீலாபாத் போன்ற குப்பங்களில் வலைத்தொழில் செய்யும் முஸ்லிம்களும் வாழும் மண் இது. இவர்களுக்குத் தாடி அழகு மட்டுமன்று. நபிவழியைப் பேணும் அடையாளமுமாகும். ஒரு பிடியளவு வேண்டும் என்பார் ஒருசாரார். அளவில் நெகிழ்ச்சி காட்டுவார் பிறிதொரு சாரார். ஆயினும், வளர்த்த முடியைப் பேணுதல் வேண்டும் என்பதில் இருசாராரும் ஒன்றுபடுவர்.

இளைஞர் இன்று விரும்புவன மூன்று வகை. முகத்தோடு ஒட்டி 3 முதல் 5 மில்லிமீட்டர் வரை விடுவது முதல் வகை. ஏறக்குறைய 10 மில்லிமீட்டர் அளவில் கன்னமும் மோவாயும் நிறைந்த குறுந்தாடி இரண்டாம் வகை. கன்னத்தை மழித்து, மீசையையும் மோவாய் முடியையும் இணைக்கும் ‘பிரெஞ்சுத் தாடி’ மூன்றாம் வகை. தாடி மாதத்திற்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வளரும்; ஆதலின் குறுந்தாடி வாரந்தோறும் கத்தரிக்கப்படாவிடின் வடிவு குலையும்.

ஏரித்தொழிலில் உப்பும் வெயிலும் முடியையும் அதனடியிலுள்ள தோலையும் வறளச் செய்கின்றன. படகிலிருந்து கரையேறியதும் நன்னீரால் தாடியைக் கழுவி, ஈரம் துடைத்து, இரு துளி தேங்காயெண்ணெய் தடவிச் சீவுதல் நலம். நனைந்த முடி நீண்டு தோன்றுமாதலால், உலர்ந்தபின்னரே கத்தரித்தல் வேண்டும். ‘டிரிம்மரில்’ முதலில் பெரிய அளவை வைத்துப் பின்னர்க் குறைத்துக்கொள்க; குறைத்ததைக் கூட்ட இயலாது. குரல்வளை மேட்டுக்கு இரு விரல் மேலே கழுத்தின் எல்லையை அமைத்துக்கொள்க. பிறர் பயன்படுத்திய சவர அலகை ஏற்கலாகாது. மஞ்சட்காமாலை நோய்க்கிருமி குருதிவழிப் பரவக்கூடும். அரிப்போ படையோ தோன்றின் மருத்துவரை நாடுக.

இனி மாணவரின் வினாவிற்கு வருவோம். மக்கா சென்று திரும்பிய காவலர் ஒருவர்மீது, தாடி வைத்தமை உள்ளிட்ட காரணங்களால் ஊதிய உயர்வை நிறுத்தும் தண்டனை விதிக்கப்பட்டது. சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2024 ஜூலையில் அவ்வாணையை நீக்கி, மறுபரிசீலனைக்கு அனுப்பியது. முஸ்லிம் காவலர் பணியிலும் சீரான, கத்தரித்த தாடி வைத்துக்கொள்ள 1957ஆம் ஆண்டின் மதராஸ் போலீஸ் கெஸட் இடமளிப்பதை அத்தீர்ப்பு சுட்டிற்று. ஆனால் வான்படையில் தாடிக்குத் தடை செல்லும் என உச்சநீதிமன்றம் 2016இல் தீர்ப்பளித்தது. ஆகவே துறைக்குத் துறை விதி வேறுபடும். சேருமுன் அதனைப் படித்தறிதல் கடன்.

வள்ளுவர் 280ஆம் குறளில், புறக்கோலத்தினும் உலகம் பழிப்பதை விலக்குதலே பெரிதென்றார். தாடி வைத்தவனைத் தாடிக்காகவே பழித்தலும் முறையன்று. தாடி வைத்ததனாலேயே ஒருவன் நல்லவனாதலும் இல்லை. அம்மாணவரிடம் கூறியது இதுவே: "மழிக்க வேண்டா தம்பி; சீராக வை, விதியைப் படி, நேர்மையாய் நில்."