ஒட்டுத்துணிப் போர்வை: மேல்துணி தைத்த பிறகு

தறிகள் நிறைந்த குமாரபாளையம், பள்ளிபாளையம், இளம்பிள்ளை பக்கம் பிட்டுத் துணிக்குப் பஞ்சமில்லை. அந்தத் துண்டுகளை இணைத்து, முதல் போர்வைக்கு மேல்துணி தைத்துவிட்டீர்களா? பாதி வேலைதான் முடிந்திருக்கிறது.

நடுவில் உதிரிப் பஞ்சு வைக்க வேண்டாம். நெருக்கித் தைக்காவிட்டால், துவைத்ததும் ஒரு மூலையில் திரண்டுவிடும். நம் ஊர் வெயிலுக்குப் பழைய பருத்திச் சேலையை இரண்டாக மடித்து வைத்தாலே போதும். வங்காளத்துக் காந்தாப் போர்வையும் பழஞ்சேலை அடுக்குகளில் பிறந்ததுதான். தேய்ந்த சேலையின் மென்மை கடைப் போர்வையில் கிடைக்காது.

அடித்துணி புதிது என்றால் முதலில் நனைத்துக் காயப்போடுங்கள். சுருங்குவது அப்போதே சுருங்கட்டும். மேல்துணியைவிட நாலு பக்கமும் நாலு விரற்கடை கூடுதலாக இருக்கட்டும். தரையில் விரித்து, கையால் நன்றாக நீவி, அடித்துணி, சேலை, மேல்துணி மூன்றையும் அடுக்குங்கள். ஊக்கு குத்துவதும் ஓட்டுத் தையல் போடுவதும் நடுவிலிருந்து ஓரத்துக்கு. மாறினால் நடுவில் துணி உப்பி, மடிப்பு விழும்.

கர்நாடகத்துச் சித்தி என்ற சமூகத்துப் பெண்களின் கவந்திப் போர்வை மட்டும் ஓரத்தில் தொடங்கி நடுவில் முடியும். அவர்கள் மேல்துணியைத் தனியாகத் தைப்பதில்லை. துண்டுகளை ஒவ்வொன்றாக வைத்தே தைத்துப் போகிறார்கள்.

கடைசியில் ஓரப்பட்டை. இரண்டரை அங்குல அகலத்தில் நேராக வெட்டி, இரண்டாக மடித்து வைத்துத் தையுங்கள். மூலைக்குக் கால் அங்குலம் முன்பே தையலை நிறுத்தி, பட்டையை மடித்துத் திருப்பினால் மூலை கூராக நிற்கும். பின்பக்கத்தைக் கையால் தைத்துவிடுங்கள்.