குர்பானி இறைச்சியும் உப்புக்கண்டமும்



ஹஜ்ஜுப் பெருநாளன்று அஸர் தொழுகைக்குப் பிறகு உங்கள் வீட்டு வாசலுக்கு வந்து சேரும் இறைச்சிப் பொட்டலங்களை எண்ணிப் பார்த்திருக்கிறீர்களா? குளிர்பதனப் பெட்டி உள்ள வீட்டில் அவற்றைப் பற்றிக் கவலையில்லை. அது இல்லாத வீட்டின் நிலை என்ன?

எங்கள் தெருவில் கணவரை இழந்து தனியே வாழும் மாமி ஒருவர் இருக்கிறார். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பெருநாளில், ஏழைக்கென்று ஒதுக்கிய பங்கை ஒவ்வொரு வீட்டாரும் அவரையே நினைத்து அனுப்பிவிட்டோம். ஒரே நாளில் நான்கு கிலோவுக்கு மேல் சேர்ந்துவிட்டது. மூன்றாம் நாள் காலையில் அவர் என் வீட்டுக்கு வந்து, தயங்கித் தயங்கிக் கேட்டார்: "கறி வாடை வந்துட்டுதும்மா. குர்பானிக் கறியாச்சே, அதைக் குழி தோண்டிப் புதைச்சா குத்தமாகுமா?" அந்தக் கேள்விக்கு நான் தலைகுனிந்து நின்றேன். கொடுத்தவர்களாகிய நாங்கள் எல்லோரும் ஒரே நாளில் கொடுத்தோம். அவருக்கோ ஆண்டில் 354 நாள்கள் இருந்தன.

இறைச்சியைச் சேமிப்பது பற்றி மார்க்கத்தில் தெளிவான வரலாறு உண்டு. ஓராண்டு, பசியால் வாடிய நாட்டுப்புற மக்கள் பலர் மதீனாவுக்கு வந்திருந்தனர். அவர்களுக்கும் கிடைக்க வேண்டும் என்பதற்காக, குர்பானி இறைச்சியை மூன்று நாள்களுக்கு மேல் வைத்திருக்கலாகாது என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். மறு ஆண்டு அந்த நெருக்கடி நீங்கியதும், உண்ணவும் தர்மம் செய்யவும் சேமிக்கவும் அனுமதித்தார்கள். புகாரி, முஸ்லிம் ஆகிய இரு ஹதீஸ் நூல்களிலும் இச்செய்தி உள்ளது. தடையும் அனுமதியும் ஏழையின் தேவையையே அளவுகோலாகக் கொண்டிருந்தன என்பதைக் கவனியுங்கள்.

அக்காலத்தில் சேமிப்பது என்றால் உப்பிட்டு உலர்த்துவதுதான். அரபு மொழியில் அதற்குக் 'கதீத்' என்று பெயர். தையற்காரர் ஒருவர் நாயகம் (ஸல்) அவர்களை விருந்துக்கு அழைத்து, வாற்கோதுமை ரொட்டியும், சுரைக்காயும் கதீதும் இட்ட குழம்பும் பரிமாறியதை அனஸ் (ரலி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். நம் உம்மாமார் செய்த உப்புக்கண்டத்தின் உறவுக்காரர்தான் இந்தக் கதீத். மொராக்கோ, துனீசியா நாட்டினர் இன்றும் அதே பெயரில் இதைச் செய்கிறார்கள். துருக்கியரின் பாஸ்துர்மாவும், தென்னாப்பிரிக்கரின் பில்டாங்கும், அமெரிக்கர் மென்று தின்னும் ஜெர்க்கியும் இக்குடும்பத்தைச் சேர்ந்தவையே.

இனி, செய்முறைக்கு வருவோம். இதில் முதலிடம் இறைச்சியைத் தேர்ந்தெடுப்பதற்குரியது. மாட்டின் பின்தொடைச் சதையே சிறந்தது. கொழுப்பை ஈவிரக்கமின்றி நீக்கிவிடுங்கள். சதை உலரும், கொழுப்பு உலராது. சில வாரங்களில் அது சிக்கெடுத்து, ஒரு பானை உப்புக்கண்டத்தையும் கெடுத்துவிடும். சதையை நார் ஓடும் திசையிலேயே விரல் நீளத்துக்கு, கால் அங்குலப் பருமனில் வார்களாக அரியுங்கள். நாருக்குக் குறுக்கே அரிந்தால் மெல்ல இலகுவாக இருக்கும். ஆனால் நூலில் கோக்கும்போது அறுந்து விழும். கத்தி வழுக்கினால், இறைச்சியைச் சற்று உறையவைத்து அரியலாம்.

ஒரு கிலோவுக்கு என் வீட்டு அளவு இது: பொடித்த கல் உப்பு 50 கிராம், மஞ்சள்தூள் இரண்டு தேக்கரண்டி, மிளகாய்த்தூள் மூன்று தேக்கரண்டி, பத்துப் பல் பூண்டின் விழுது. பிசறி, மூடி, குளிர்ச்சியான இடத்தில் ஓர் இரவு வைத்தால் உப்பு தன் வேலையைச் செய்து நீரை வெளியே இழுத்துவிடும். குளிர்பதனப் பெட்டி இல்லாத வீட்டில் இரவு முழுதும் வைக்க வேண்டாம்; இரண்டு மணி நேரம் போதும்.

அடுத்த படி ஒன்று உண்டு. நம் பாட்டிமார் இதைச் செய்ததில்லை. ஆயினும் இன்று இதை விடலாகாது என்பது என் உறுதியான கருத்து. 1995 ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஓரிகான் மாநிலத்தில், வீட்டிலேயே உலர்த்திய மான் இறைச்சியை உண்டவர்கள் ஈகோலி என்னும் கிருமியால் நோயுற்றார்கள். மெல்லிய சூட்டில் உலரும் இறைச்சியில் கிருமிகள் மடிவதில்லை. ஈரம் குறையக் குறைய அவை சூட்டைத் தாங்கும் வலிமையையும் பெற்றுவிடுகின்றன. ஆகவே, உலர்த்துவதற்கு முன்பே இறைச்சியின் உட்புறம் 71 பாகை செல்சியஸ் சூட்டை அடைய வேண்டும் என்று அந்நாட்டு வேளாண்மைத் துறை அறிவுறுத்துகிறது. நம் அடுக்களையில் இது கடினமன்று. இட்லிக் கொப்பரையில் வார்களைப் பரப்பி, சதையின் நடுவிலும் சிவப்பு மறையும்வரை ஆவியில் வேகவையுங்கள். சுவை சிறிது மாறும் என்பது உண்மை. என் உம்மா இன்றளவும் இதை ஒப்புக்கொள்ளவில்லை!

ஆவி அடங்கியதும், கோணி ஊசியால் கெட்டி நூலில் இடைவெளி விட்டுக் கோத்து, மொட்டை மாடிக் கொடியில் கட்டுங்கள். ஈ மொய்க்காதிருக்க மெல்லிய வலைத் துணியால் சுற்றிலும் மறையுங்கள். முதல் நாள் வெயில்தான் உயிர்நாடி. காலை எட்டு மணிக்குள் கொடியேறிவிட வேண்டும். பொழுது சாய்ந்ததும் பனி இறங்குமுன் வீட்டுக்குள் வந்துவிட வேண்டும். நல்ல கோடையில் நான்கு நாள்கள் போதும். வெயில் மங்கினால் ஆறு நாள்கள் ஆகும். ஒரு கிலோ இறைச்சி ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறையும்.

பிறைக் கணக்கின்படி பெருநாள் ஆண்டுதோறும் பத்துப் பதினொரு நாள் முன்னதாக வருவதை அறிவீர்கள். 1977, 1978 ஆம் ஆண்டுகளில் அது நவம்பர் மாதத்தில், அடைமழைக்கு நடுவே வந்தது. அப்போது உம்மம்மா அடுப்புக்கு மேலே பரணில் கட்டிப் புகையில் உலர்த்துவாராம். இந்த ஆண்டுகளில் மே, ஜூன் மாதங்களில் வருவதால் வெயிலுக்குப் பஞ்சமில்லை. மழை பிடித்துக்கொண்டால் மின் அடுப்பில் 60 பாகைச் சூட்டில், கதவைச் சற்றே திறந்துவைத்து உலர்த்தலாம். அவசரப்பட்டுச் சூட்டை ஏற்றினால் மேற்புறம் தோல்போல் இறுகி, உள்ளே ஈரம் தங்கிவிடும்.

பதம் அறிவது எளிது. ஒரு துண்டை வளைத்தால் விரிசல் விட வேண்டும். இரண்டாக முறியக் கூடாது. அழுத்தினால் ஈரம் தென்படலாகாது. நன்றாக ஆறியபின் காய்ந்த கண்ணாடிச் சாடியில் போட்டு மூடுங்கள். முதல் வாரம் நாள்தோறும் சாடியைப் பாருங்கள். உட்புறம் நீர் பூத்திருந்தால் மீண்டும் வெயிலில் இடுங்கள். பூசணம் கண்டால் சுரண்டி எடுத்து உண்ண எண்ண வேண்டாம்; அனைத்தையும் அப்புறப்படுத்துங்கள். குளிர்பதனப் பெட்டி இருந்தால் சாடியை அதிலேயே வைப்பது நலம். இரத்த அழுத்தம் உள்ளவர்கள், வெந்நீரில் ஊறவைத்து உப்பு நீரை வடித்துவிட்டாலும், அளவோடுதான் உண்ண வேண்டும்.

பிள்ளைகள் வெளிநாடு செல்லும்போது பெட்டியில் ஒரு பொட்டலம் வைக்க எல்லா உம்மாமாருக்கும் ஆசைதான். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளிலும் ஆஸ்திரேலியாவிலும் இதை விமான நிலையத்திலேயே பறித்துக்கொள்வார்கள், வைக்காதீர்கள்.

அந்த மாமியின் கதைக்கு வருகிறேன். மறு ஆண்டு, நாங்கள் ஐந்து வீட்டார் பேசிக்கொண்டு, பெருநாளன்று அவர் சமைக்கும் அளவுக்கு மட்டுமே பச்சை இறைச்சி கொடுத்தோம். மீதிப் பங்கை எங்கள் மாடியில் உலர்த்தினோம். ஊசியில் நூல் கோக்க முடியாத கண்களோடு அவரே மாடிப்படியில் அமர்ந்து மேற்பார்வை பார்த்தார். "அங்கே ரெண்டு துண்டு ஒட்டிக்கிட்டிருக்கு பாரு, புள்ளே" என்று அவர் சொல்லும்போதெல்லாம் சென்று பார்த்தால், ஒட்டித்தான் இருக்கும்.

முஹர்ரம் கழிந்து ஸபர் மாதத்தில் ஒருநாள் அவர் வீட்டுக்குச் சென்றேன். நான்கு துண்டு உப்புக்கண்டத்தை ஊறவைத்து, அம்மியில் தட்டி, சுரைக்காயோடு கொதிக்கவிட்டிருந்தார். எனக்கும் ஒரு கிண்ணம் ஊற்றித் தந்தார். உப்பு சற்றுத் தூக்கலாக இருந்தது. சொன்னேன். "அடுத்த வருஷம் நானே அளந்து போடுறேன்" என்றார்.