ஈளை நோயாளரும் முற்றத்துப் புல்லும்

விருதுநகர், சிவகாசிப் பக்கத்துக் கரிசற்பூமி ஆண்டின் பெரும்பகுதி வறண்டு கிடப்பது யாவரும் அறிந்ததே. ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை நாலு நாள் பெய்துவிட்டாலோ வீட்டு முற்றத்தில் கோரையும் அறுகும் அடர்ந்துவிடும். பாம்புக்கும் தேளுக்கும் அஞ்சி அதனைச் செதுக்கியே தீரவேண்டும். தீபாவளியின் கந்தகப் புகை காற்றில் நிற்பதும், ஈரத்தால் பூஞ்சணம் பெருகுவதும் அதே மாதத்திலேதான். ஆதலின் ஈளை நோயுடையார்க்கு இவ்வேலை வந்து வாய்ப்பது அவர்தம் மூச்சுக்குப் பொல்லாத காலத்தில்.

அதனால் இவர்கள் கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டுமென்பதில்லை. 1698-ல் ஈளையைப் பற்றி நூலெழுதிய ஸர் ஜான் பிளாயர் என்னும் ஆங்கில வைத்தியர் தாமும் அந்நோயுடையவரே. எண்பது பிராயம் கடந்து வாழ்ந்தார்.

வேலையினும் அதைச் செய்யும் விதமே மிகுதியும் வருத்துகின்றது. குந்தியிருந்து களைக்கொத்தியாற் செதுக்குவது நம்மவர் வழக்கம். குந்துங்கால் வயிறு மேல்நோக்கி அமுங்குதலால், நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவிலுள்ள உதரவிதானம் கீழிறங்க இடம் பெறாது. கை சலிக்குமுன்னே மூச்சு முட்டுவது இதனாலேயாம். நீண்ட காம்புடைய கருவி கொண்டு நின்றபடியே செதுக்குவது நலம். தோளில் மாட்டும் பெட்ரோல் இயந்திரம் விரைவாக வெட்டும். எனினும் அதன் புகையும், அது வாரியிறைக்கும் தூளும் ஈளைக்காரருக்கு ஆகா. 1830-ல் எட்வின் பட்டிங் உரிமை பெற்ற உருளை இயந்திர வகையோ கலாசாலைப் புற்றரை போன்ற சமதரைக்கே ஏற்றது.

நிற்க. எவ்வளவு நேரம் செய்யலாம் என்பதற்குப் பேச்சே அளவுகோல். ஒரு வாக்கியத்தை இடையில் மூச்சு வாங்காமற் சொல்ல இயலாவிடின் கருவியைக் கீழே வைத்துவிடுக. முன்சாய்ந்து, முழங்காலிற் கையூன்றி, சீழ்க்கையடிப்பதுபோல் உதட்டைக் குவித்து, உள்வாங்கியதற்கு இருமடங்கு நேரம் மூச்சை மெல்ல வெளியே விடுக. ஈளையில் இறுகிய குழாய் வழியே காற்று உட்புகுவதினும் வெளியேறுவதே கடினம். வைத்தியர் கொடுத்த இன்ஹேலர் மடியிலேயே இருக்கட்டும். வேலைக்கு முன்னரே அதை உறிஞ்சலாமா என்பதையும் அவரிடமே கேட்டறிக. மருந்துக்கும் அடங்காமல் பேச்சுத் தடைப்பட்டாலும், உதடு நீலம் பாரித்தாலும் ஆஸ்பத்திரிக்கே செல்லவேண்டும், கஷாயம் காய்ச்சிக்கொண்டிருக்கலாகாது.

மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொள்க. பார்த்தீனியச் செடி பூத்திருந்தால் அதைப் பிறர் பிடுங்கட்டும். செதுக்கிய புல்லைக் கொளுத்துவோர் பலர். பட்ட பாடெல்லாம் அப்புகையோடு வீணாம். வேம்பின் தூரிற் கொட்டினால் மக்கி உரமாகும். என் வீட்டு முற்றம் சிறிதே. ஆயினும் அதனை நாலு காலைகளாகப் பங்கிட்டுத்தான் செதுக்கி வருகின்றேன். மூன்றாம் நாள் முற்றம் பாதி சிரைத்த தலைபோல் தோன்றுவதுண்டு.