மருத்துவத்தின் நான்காம் துணை

நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து துணைசெய்வோர் என்னும் நான்கு கூறுகளை உடையது மருத்துவம் என்று திருக்குறளின் 'மருந்து' அதிகாரத்து இறுதிக் குறள் (950) வகுத்துரைக்கிறது. நம் மருத்துவமனைகளில் மருத்துவர் உளர், மருந்தும் உண்டு, செவிலியரும் அல்லும் பகலும் பணிபுரிகின்றனர். எனினும், கொடுத்த மருந்து நோயாளியின் உடலில் என்ன செய்கிறது, ஒரு மருந்து மற்றொன்றோடு முரண்படுகிறதா என்பதை அவர் அருகிலிருந்தே ஆராய்வதற்கு, மருந்தையே கற்றுத் தேர்ந்த ஒருவர் வேண்டும். அத்தேவையால் எழுந்த துறையே 'கிளினிக்கல் பார்மசி' ஆகும்.

மருந்தைத் தயாரிப்பதும் எடுத்துக் கொடுப்பதுமே மருந்தாளுநர் பணி என்னும் எண்ணம் நெடுங்காலம் நிலவியது. 1966-இல் சான் பிரான்சிஸ்கோவிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழக மருத்துவமனையின் ஒன்பதாம் தளத்தில், மருந்தாளுநர்கள் நோயாளிகளின் பிரிவிலேயே அமர்ந்து பணியாற்றத் தொடங்கினர். இத்துறை வரலாற்றில் அது ஒரு திருப்புமுனை எனலாம்.

இதன் இன்றியமையாமையை நம் இல்லங்களிலேயே காணலாம். சர்க்கரை நோயுள்ள பெரியவர் ஒருவர் ரமலான் நோன்பு நோற்க விழைகிறார். நாள்தோறும் காலை உணவோடு உட்கொண்ட கிளிமிபிரைட் மாத்திரையை, அதே அளவில், சஹர் நேரத்துக்குத் தாமாகவே மாற்றிக்கொள்கிறார். இம்மருந்து இன்சுலினைச் சுரக்கச் செய்வது. உணவில்லாப் பகற்பொழுதில் இரத்தச் சர்க்கரை தாழ்ந்து வியர்வை, நடுக்கம், மயக்கம் ஆகியன நேரலாம். சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழ் இறங்கினால் நோன்பை உடனே முடித்துக்கொள்ள வேண்டும் என்பது மருத்துவ நெறி. நோயுற்றோர் வேறு நாட்களில் நோற்கத் திருக்குர்ஆன் அளித்துள்ள சலுகையையும் நாம் அறிவோம். யார் நோற்கலாம், எம்மருந்தை இஃப்தாருக்கு மாற்றலாம், எதன் அளவைக் குறைக்கலாம் என்பனவற்றை ரமலானுக்குச் சில வாரங்கள் முன்னரே மருத்துவரோடு கலந்து முடிவுசெய்து, நோயாளிக்கு விளங்கும் மொழியில் எடுத்துரைப்பது கிளினிக்கல் மருந்தாளுநரின் கடமைகளுள் ஒன்றாகும்.

இந்தியாவில் இதற்கெனப் 'பார்ம்.டி' படிப்பை இந்திய மருந்தியல் கவுன்சில் 2008-இல் வகுத்தது. மேனிலைக் கல்வியில் இயற்பியல், வேதியியலோடு உயிரியலோ கணிதமோ பயின்றோர் இதில் சேரலாம். ஐந்தாண்டுக் கல்வியும் ஓராண்டு மருத்துவமனைப் பயிற்சியுமாக இது ஆறாண்டுகள் கொண்டது. பி.பார்ம் பட்டதாரிகளுக்கு மூன்றாண்டுப் படிப்பும் உண்டு. மருந்து குறித்து நோயாளிக்கு அறிவுரை கூறுவதை மருந்தாளுநரின் கடமையாக 2015-ஆம் ஆண்டு விதிமுறைகள் வலியுறுத்துகின்றன.

மருத்துவமனைகள், மருந்துத் தகவல் மையங்கள், மருந்தாய்வு நிறுவனங்கள், கல்லூரிகள் ஆகியவற்றில் இப்பட்டதாரிகளுக்கு வாய்ப்புகள் உள்ளன. மருந்தின் பக்கவிளைவுகளைத் திரட்டும் தேசியத் திட்டம் 2010-இல் தொடங்கப்பட்டது. அதன் மையங்களிலும் இவர்கள் பணிபுரிகின்றனர். பக்கவிளைவு கண்டால் பொதுமக்களே 1800-180-3024 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசியில் தெரிவிக்கலாம்.

எனினும் ஒன்றை மறைத்தல் முறையன்று. பட்டம் பெறுவோர் தொகை பெருகிய அளவுக்கு மருத்துவமனைப் பணியிடங்கள் பெருகவில்லை. மருந்துக் கடை மேசைக்கு அப்பால் இவர்களின் பணியை உணர்ந்த நிருவாகங்கள் இன்னும் சிலவே. எனவே, இத்துறையை நாடும் மாணவர்கள் பயிற்சி மருத்துவமனையின் தரத்தை ஆராய்ந்தே கல்லூரியைத் தேர்ந்தெடுத்தல் நன்று. நோயாளியிடம் தெளிந்த தமிழில் பேசும் ஆற்றலும் அவர்களுக்கு வேண்டும். விளங்காத அறிவுரை கொடுக்காத மருந்துக்கு ஒப்பாகும்.

சமுதாயப் பெரியோர்களிடம் நாம் வேண்டுவதும் ஒன்றுண்டு. அறக்கட்டளைகள் நடத்தும் மருத்துவமனைகள் ஒவ்வொன்றிலும் ஒரு கிளினிக்கல் மருந்தாளுநரேனும் அமர்த்தப்பட வேண்டும். நம் பிள்ளைகளுக்கு அது வேலைவாய்ப்பு. நம் முதியோருக்கு அது உயிர்க்காப்பு.