வான்வழியின் சாட்சிகள்

சென்னையையும் திருவனந்தபுரத்தையும் வரைபடத்தில் ஒரு நேர்கோட்டால் இணைத்தால், அக்கோடு திருவில்லிபுத்தூரையும் இராஜபாளையத்தையும் ஒட்டிச் சென்று மேற்குத் தொடர்ச்சி மலையைக் கடக்கும். மலையடிவாரத்து அய்யனார் கோவிலுக்கு நடந்து செல்வோருக்கு ஆறும் பாதையும் வழிகாட்டும். மழைமேகம் சூழ்ந்த இரவில், மலையே புலப்படாத உயரத்தில் பறக்கும் விமானிக்கு வழிகாட்டுவது எது?

விண்மீன்களே ஒரு காலத்தில் அப்பணியைச் செய்தன. நெடுந்தூர விமானங்களில் அவற்றின் உயரத்தைக் கோணமானியால் அளந்து இருப்பிடத்தைக் கணித்தனர். அவ்விண்மீன்களுள் பலவற்றின் பெயர்கள் அரபு மொழி ஈந்தவை. நாம் திருவோணம் என்பது அவர்களுக்கு அல்தாயிர், அதாவது ‘பறக்கும் கழுகு’. நம் ரோகிணி அவர்களுக்கு அல்தபரான், ‘பின்தொடர்வது’.

இன்றைய விமானிக்கு மூவகைத் துணைகள் உள்ளன. முதலாவது, தரையிலுள்ள வானொலி நிலையங்கள். அவை அனுப்பும் அலைகளைக் கொண்டு, அந்நிலையத்திலிருந்து தாம் எத்திசையில், எவ்வளவு தொலைவில் உள்ளோம் என்பதை விமானி அறிகிறார். இரண்டாவது, விமானத்தினுள்ளேயே இருக்கும் நிலைமக் கருவி. அது வேகமாற்றங்களையும் திருப்பங்களையும் இடைவிடாது அளந்து, புறப்பட்ட இடத்திலிருந்து கடந்த வழியைக் கணக்கிடுகிறது. வெளியுதவி அதற்கு வேண்டியதில்லை; ஆயினும் நேரம் செல்லச் செல்லச் சிறு பிழைகள் சேர்ந்து பெருகும். மூன்றாவது, ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களின் சமிக்ஞை. இதன் பிழைகளைத் திருத்த இந்தியா உருவாக்கிய ‘ககன்’ அமைப்பு 2015ஆம் ஆண்டு பயன்பாட்டுக்கு வந்தது.

இவற்றுள் ஒன்றை மட்டும் நம்புவது எத்துணை ஆபத்தானது என்பதை வரலாறு காட்டியுள்ளது. 1983 செப்டம்பர் 1 அன்று, அலாஸ்காவிலிருந்து சியோல் நோக்கிச் சென்ற கொரிய விமானம் சோவியத் வான்வெளியில் சுட்டு வீழ்த்தப்பட்டு 269 பேர் மாண்டனர். தானியங்கி நிலைமக் கருவியோடு இணையாமல், திசைகாட்டி காட்டிய ஒரே திசையைப் பற்றிச் சென்றதையும், விமானிகள் அதனைச் சரிபார்க்கவில்லை என்பதையும் பன்னாட்டு விசாரணை பின்னர் கண்டறிந்தது. அத்துயரத்தின் பின்னரே செயற்கைக்கோள் வழிகாட்டலைப் பொதுமக்களின் விமானங்களுக்கும் அளிப்பதாக அமெரிக்கா அறிவித்தது.

அச்செயற்கைக்கோள் சமிக்ஞையும் பொய்க்கக்கூடியதே. தரையை அடைகையில் அது மிக நலிந்துவிடுவதால், வலுவான போலி அலைகளால் அதனை மறைக்க முடியும். 2025 நவம்பரில் தில்லி விமான நிலையத்தருகே இவ்வாறு நேர்ந்தபோது, பழைய தரைக் கருவிகளே கைகொடுத்தன.

ஆகவேதான் தேர்ந்த விமானி ஒரு கருவியின் கூற்றை மற்றொன்றோடு ஒப்பிட்டுக்கொண்டே பறக்கிறார். ஒற்றைச் சாட்சியம் எவ்வளவு தெளிவாக ஒலித்தாலும், அதனை இன்னொன்று உறுதிசெய்யும் வரை அவர் அமைதியடைவதில்லை.